என்ர பல்லோ, அவளின்ர பல்லோ

மொன்றியல்
19 செப்டம்பர் 2004

அக்னெஸ் அக்காவுக்கு,

அம்மா செத்த பிறகு நான் உங்களுக்கு எழுதுற முதல் கடிதம் இது. கோபம் போயிட்டுதெண்டு நினைக்க வேண்டாம். அம்மாவின்ர பெட்டிக்குப் பக்கத்தில தனிய நிண்ட அந்தக் கிழமையை நான் மறக்கேல்லை. நீங்கள் வரேல்லை. ஒரு கடிதமும் ஒரு செபமாலையும் வந்தது. அதைப் பற்றி இப்ப கதைக்கேல்லை. இது வேலை விஷயம்.

நான் பல் கிளினிக்கை விட்டிட்டன். இப்ப பல்கலைக்கழகத்தில ஒரு ஆராய்ச்சியில உதவியாளராய் நிக்கிறன். பிள்ளையளிட்டக் கேக்கிறதுக்கு ஒரு வினாக்கொத்து இருக்கு. "கடந்த மூண்டு மாதத்தில உன்ர பல்லாலயோ வாயாலயோ எத்தனை தரம் சாப்பிடக் கஷ்டப்பட்டனி? எத்தனை தரம் சிரிக்க வெக்கப்பட்டனி? மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணினவையோ?" இப்பிடிப் போகும். டொக்டர்மார் ஓட்டையை எண்ணுவினம். அந்த ஓட்டையோட பிள்ளை என்னெண்டு சீவிக்குது எண்டு கேக்கிறது இதுதான். விடை அஞ்சு. ஒருக்காலும் இல்லை எண்டதில துவங்கி, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் எண்டதில முடியும்.

இது இங்கிலீசில இருக்கு. நாங்கள் ஸ்பானிசுக்குக் கொண்டு வாறம். சென்ட் லோரன்ட் பள்ளிக்கூடங்களில சிலி, பெரு, சல்வடோர், குவாத்தமாலாப் பிள்ளையள் ஒரே வாங்கில இருக்குதுகள். ஒண்டின்ர சொல்லுக்கு மற்றது சிரிக்குது. அதால மொழிபெயர்த்தால் மட்டும் காணாது. ஒவ்வொரு பிள்ளையோடையும் இருந்து, "இதில உனக்கு என்ன விளங்கினது?" எண்டு கேக்க வேணும். என்ர ஸ்பானிஷ் தையல் பக்டறியில சல்வடோர்ப் பெண்டுகளிட்டப் படிச்சது. ஏசுறதுக்கும் கொஞ்சுறதுக்கும் நல்லாய் இருக்கும், மற்றதுக்குக் காணாது. நீங்கள் கன வருஷமாய் அங்க குவாத்தமாலா மிஷனில இருக்கிறியள். கடைவாயில இருக்கிற கொடுப்புப் பல், வாய்ப்புண், பகிடி, இதுகளை அந்தப் பிள்ளையள் என்னெண்டு சொல்லுதுகள்? எழுதி அனுப்புங்கோ. அவ்வளவுதான்.

இன்னொண்டு. எழுதுறேல்லை எண்டுதான் இருந்தனான். குவாத்தமாலாப் பிள்ளை ஒண்டு, பத்து வயசு. பேரை வெளியில சொல்லக்கூடாது எண்டு சட்டம். பல் நொந்ததோ எண்டு கேட்டன். அவள் இடப்பக்கக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "என்ர பல்லோ, அவளின்ர பல்லோ?" எண்டு கேட்டாள்.

"ஆர் அவள்?"

"என்னோட பிறந்தவள். பல் அவளின்ரது. எனக்கும் நோகுது."

எங்கட டொக்டர் பாத்தார். அப்பழுக்கில்லாத பல். கிளினிக்கில நான் கனக்கப் பொய்யைப் பாத்திருக்கிறன். பொய் சொல்லுற பிள்ளை, டொக்டர் எந்தப் பல்லைத் தட்டினாலும் துள்ளும். இவள் துள்ளேல்லை. பொறுமையாய் வாயைத் திறந்து காட்டிப்போட்டு, "அது இங்க இல்லை" எண்டு டொக்டருக்குச் சொன்னாள்.

தாயைக் கேட்டன். "எனக்கு ஒரு பிள்ளைதான். இவள் கதை கட்டுறவள்" எண்டா. சொல்லேக்க என்னைப் பாக்கேல்லை. மேசையில இருந்த டேப் ரெக்கோடரைத்தான் பாத்தா.

பல்கலைக்கழக விலாசத்துக்கே பதில் போடுங்கோ.

அஞ்சலீனா


சான் மத்தேயோ மிஷன், குவாத்தமாலா
8 ஒக்டோபர் 2004

இயேசுவில் அன்பான தங்கை அஞ்சலீனாவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் தபால்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டே பிரித்தேன். பிரித்த பிறகுதான் வேலைக் கடிதம் என்று தெரிந்தது. பரவாயில்லை. வேலைக் கடிதமும் கடிதம்தான்.

நீ கேட்ட சொற்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். இங்குள்ள பிள்ளைகள் கொடுப்புப் பல்லை 'முவேலா' என்பார்கள். முன்பல்லுக்குச் சொல்லும் சொல்லைப் போட்டால் வெளியே தெரியும் பல்லை மட்டும் நினைப்பார்கள், உள்ளே நோகிறது என்று சொல்லமாட்டார்கள். வாய்ப்புண்ணுக்கு ஊருக்கு ஒரு பெயர், ஆகவே "வாய்க்குள்ளே புண்" என்று நேராகவே கேள். உங்களுடைய 'கடந்த மூன்று மாதம்' இங்கே செல்லாது. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், விழித்தார்கள். "சோளம் நட்ட பிறகு" என்றேன், எல்லோரும் கையை உயர்த்தினார்கள். மொன்றியலில் சோளம் நடமாட்டார்கள். பள்ளி தொடங்கினது, முதல் பனி விழுந்தது, இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி. தனியாக வளரும் பிள்ளைகள் இன்னொரு பிள்ளையை உண்டாக்கிக்கொள்வார்கள். நீயும் சிறு வயதில் தலையணைக்குச் சோறு ஊட்டியிருக்கிறாய். அவளுடைய கதைக்கு நீ நெய் ஊற்றாதே. தாய் ஒரு பிள்ளை என்றால் ஒரு பிள்ளைதான்.

அம்மாவின் அடக்கத்தைப் பற்றி நீ கதைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் கதைக்கவில்லை. நீ கேட்கும் நாளில் சொல்கிறேன். குளிருக்கு முன் சப்பாத்து வாங்கிக்கொள். உனக்கு எப்போதும் கால்தான் முதலில் விறைக்கும்.

அன்புள்ள,
அக்னெஸ்


மொன்றியல்
7 நவம்பர் 2004

அக்கா,

இதைத் தபாலில போட எனக்குப் பொறுமை இல்லை. எங்கட கோவில் பாதர் நீக்கிலாப்பிள்ளை உங்கட பக்கம் ஒரு தியானத்துக்கு வாறார். அவற்ற கையில குடுத்து விடுறன். வாசிச்ச உடன ஏதும் செய்யுங்கோ. சட்டம் பிழைச்சாலும் பரவாயில்லை, பேரை எழுதுறன். பிள்ளை நோயெமி. மற்றவள் றெபேக்கா. மற்றவள் இருக்கிறாள் அக்கா.

எங்கட முறையில ஒவ்வொரு பிள்ளையையும் ரெண்டு தரம் கேக்கிறது. கொஞ்ச நாள் விட்டு அதே கேள்வியளைத் திருப்பிக் கேட்டால் விடை ஒண்டாய் வருதோ எண்டு பாக்கிறதுக்கு. மற்றப் பிள்ளையளின்ர எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டாய் வந்தது. நோயெமியின்ரது எல்லாம் கடைசி விடைக்குப் போயிட்டுது. சாப்பிடுறது, நித்திரை, கதைக்கிறது, எல்லாத்துக்கும் 'ஒவ்வொரு நாளும்'. பல்லைக் கடிச்சுக்கொண்டு கதைச்சாள். சொல் வெளிய வாறது கஷ்டமாய் இருந்தது.

"வாய் திறக்க ஏலாதோ?" எண்டு கேட்டன்.

"அவளுக்கு ஏலாது."

டொக்டர் கூப்பிட்ட உடன ஆவெண்டு முழுசாய்த் திறந்தாள். "இது என்ர வாய். இது திறக்கும்" எண்டாள். ஒண்டுமே இல்லை, அதே சுத்தமான பல்லு. திரும்பி வந்து கதிரையில இருந்தாள், தாடை பழையபடி பூட்டிக்கொண்டுது.

நான் அவளுக்குக் கிட்டக் குனிஞ்சன். மண்ணெண்ணெய் மணந்தது அக்கா. அந்த மணம் எனக்குத் தெரியாதோ? கரண்ட் இல்லாத காலம் முழுக்கக் குப்பி விளக்கில படிச்சனாங்கள். அவளின்ர மூச்சில இருந்து வந்தது. "வாயில என்ன வைச்சிருக்கிறாய்?" எண்டன். "மாமி பஞ்சில நனைச்சு வைச்சவ. நோ செத்திடுமாம்." எங்கட பேராசிரியை பக்கத்தில இருந்தவ. அவ நிலத்துக்குப் பூசுற பொலிஷ் மணம் எண்டா. "விடை நம்பேலாது, இந்தப் பிள்ளையைக் கணக்கில இருந்து எடுத்து விடுவம்" எண்டும் சொன்னா.

நான் தாயைத் தேடிப் போனன். மத்தில்தே. சென்ட் லோரன்டில ஒரு மருந்துக் கொம்பனி கூட்டித் துடைக்கிறா. வேலை முடிஞ்சு வாற பஸ் தரிப்பில பிடிச்சன். "றெபேக்காவுக்கு வாய் திறக்க ஏலாமல் இருக்கு" எண்டு மட்டும் சொன்னன். அவ தரிப்புக் கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"அந்தப் பேரை உமக்கு ஆர் சொன்னது?"

"நோயெமி."

"நான் அந்தப் பேரை வீட்டில சொல்லுறதில்லை. நாலு வருஷமாய் ஒருத்தரும் சொல்லுறதில்லை."

இரட்டைப்பிள்ளையள். வெளிக்கிட்ட அண்டைக்கு றெபேக்காவுக்குக் கொதிக்கிற காய்ச்சல். பேந்து கூப்பிடலாம் எண்டு மச்சாளிட்ட விட்டிட்டு வந்திருக்கிறா. இங்க வந்து பயத்தில, ஒரு பிள்ளை எண்டு பேப்பரில எழுதிப்போட்டா. பிறகு மாத்தப் பயம். "ரெண்டெண்டு தெரிஞ்சால் பொய்க்காரி எண்டு எங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவினம். நீர் ஒருத்தருக்கும் எழுதக்கூடாது" எண்டு என்ர கையைப் பிடிச்சா. பஸ் வந்தது, ஏறேல்லை. அடுத்த பஸ்சும் போச்சுது. கடைசியில மச்சாளின்ர பேரையும் ஊரின்ர பேரையும் சொன்னா. கீழ எழுதியிருக்கிறன். உங்கட மிஷனில இருந்து ஒரு நாள் பயணம் எண்டு பாதர் சொல்லுறார்.

நீங்கள் என்னை நம்பத் தேவையில்லை. போய்ப் பாத்திட்டு, அப்பிடி ஒண்டுமில்லை எண்டு ஏசி எழுதுங்கோ. சந்தோஷமாய் வாசிப்பன்.

அஞ்சலீனா


மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து
21 நவம்பர் 2004

அன்பான தங்கைக்கு,

முதலில் இது: பிள்ளை உயிரோடு இருக்கிறாள். தாயிடம் சொல். உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என்னிடம் இருந்தது பழைய இலக்கம், வேறு யாரோ பிரெஞ்சில் பேசினார்கள். ஆகவே இதைப் பங்குப் பணிமனையிலிருந்து உங்கள் கோவிலுக்குப் பாக்ஸ் பண்ணுகிறேன்.

உன் மனம் அமைதியாகட்டும் என்றுதான் புறப்பட்டேன். நம்பிப் போகவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் காலம், குடும்பம் கடல் பக்கச் சரிவுத் தோட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். "இரட்டையில் மிச்சமானவளையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள், அவளுக்கு முகம் வீங்கியிருந்தது" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் திரும்பி வர முடியவில்லை. வாழைக்குலை ஏற்றின ஒரு பிக்கப்பில் இடம் கேட்டு இறங்கினேன்.

தொழிலாளர் கொட்டகை பகலிலும் இருட்டு. எல்லோரும் பறிக்கப் போய்விட்டார்கள். மூலையில் கோப்பிச் சாக்குகளின் மேல் ஒரு பிள்ளை அழாமல் படுத்திருந்தது. இடப்பக்கம் கண் மூடும் அளவுக்கு வீக்கம். பல்லிடுக்கில் திணித்த பஞ்சில் மண்ணெண்ணெய்.

நான் என் பெயரைச் சொல்வதற்கு முன்னமே அவள் மற்றக் கண்ணைத் திறந்தாள். பூட்டின தாடையோடு கேட்டாள்: "பென்சில் வைத்திருக்கிறவ வரவில்லையா?"

"யார் அம்மா அது?"

"உங்களைப் போல ஒருத்தி. முடி கட்டை. எத்தனை தரம், எத்தனை தரம் என்று கேட்கிறவ."

பிறகு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, ஒருக்காலும் இல்லை என்பதிலிருந்து ஒவ்வொரு நாளும் என்பது வரை அந்த ஐந்து விடைகளையும் வரிசையாகச் சொன்னாள். ஸ்பானிஷில். இந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. வீட்டில் பேசுவது மலைப் பாஷை. அந்தக் கொட்டகையில் ரேடியோ கூட இல்லை.

ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஜெபம் வரவில்லை. இதை வேறு யாருக்கும் எழுத மாட்டேன். ஜெபம் வரவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். டொக்டர் தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார், பல்லையும் எடுத்தார். இடப்பக்கக் கீழ்க் கொடுப்பு. கழுத்துக்கு இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் என்றார். "யார் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். கனடாவில் ஒரு பிள்ளைக்குப் பல் நொந்தது என்றேன். களைப்பில் உளறுகிறேன் என்று நினைத்து எனக்குத் தேநீர் கொடுத்தார்.

அஞ்சலீனா, நீ முடியை வெட்டிவிட்டாயா?

அந்தத் தாயை ஏசாதே. பேப்பரில் இல்லாத பிள்ளையாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அம்மா இறந்தபோது அடக்கத்துக்கு வர விசா கேட்டு நான் கனடாத் தூதரகத்துக்கு இரண்டு முறை போனேன். அம்மாவின் பத்திரங்களில் அக்னெஸ் என்று ஒரு மகள் இல்லை என்றார்கள். அம்மாவைக் கனடாவுக்கு எடுக்க அருமைநாதன் மாமா அவற்றை நிரப்பியபோது, மடத்துக்குப் போன பிள்ளையை எழுதத் தேவையில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறா. செத்த தாயைக் குற்றம் சொல்லி உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று நீ நினைப்பது அதைவிடச் சுகமாக இருந்தது.

அக்னெஸ்


மொன்றியல்
5 டிசம்பர் 2004

அன்புள்ள அக்கா,

ஒக்டோபரில வெட்டினனான். கழுத்தளவுக்கும் இல்லை. ஒருத்தருக்கும் படம் அனுப்பேல்லை.

உங்கட கடைசிப் பந்தியை எத்தனை தரம் வாசிச்சனோ தெரியாது. அருமைநாதன் மாமாவிட்டப் போனன். அவர் கையை விரிச்சு, "அப்ப எல்லாரும் அப்பிடித்தானே பிள்ளை செய்தது" எண்டார். அழுதுகொண்டு வந்தன். என்ர புது இலக்கம் அடியில இருக்கு. இனி நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் அடிக்கலாம்.

மத்தில்தேக்கு உங்கட பாக்சை வாசிச்சுக் காட்டினன். நிலத்தில இருந்திட்டா. லோயரிட்டப் போய் ரெண்டு பிள்ளை எண்டு சொல்லப்போறா. இருக்கிறதும் போனால் போகட்டுமாம்.

நோயெமியைப் பற்றித்தான் யோசினை. நீங்கள் ஆஸ்பத்திரியில நிண்ட அண்டு, வகுப்பில திடீரெண்டு எழும்பி நிண்டு வாயைத் திறந்தாளாம். அதுக்குப் பிறகு ஒரு நோவும் இல்லை. எங்கட டொக்டர் திருப்பிப் பாத்தார். அந்த இடப்பக்கக் கொடுப்புப் பல்லில ஒரு கீறல் இல்லை. குளிர் வைச்சார், தெரியேல்லை. கரண்ட் வைச்சுப் பாத்தார், தெரியேல்லை. முன்னம் பாக்கேக்க உணர்வு இருந்த பல்லு. "நரம்பு செத்திட்டுது. சொத்தை இல்லாமல், அடிபடாமல் ஒரு பல்லு இப்பிடிச் சாகிறதை நான் காணேல்லை" எண்டார். எழுதி வைக்கேல்லை. கையைக் கழுவினார், கன நேரம் கழுவினார்.

நோ போனதுக்குப் பிள்ளை சந்தோஷப்பட வேணுமே? அவள் ஒண்டும் தின்னுறாள் இல்லை. "றெபேக்கா செத்திட்டாள்" எண்டு சொல்லுறாள். உயிரோட இருக்கிறாள், என்ர அக்கா பாத்தவ எண்டு நான் சத்தியம் பண்ணினன். "அப்ப ஏன் நோகேல்லை?" எண்டு கேட்டாள்.

முந்தநாள் வெள்ளிக்கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. சாப்பாட்டு நேரம் மூலையில இருந்து, கூராக்கின பென்சிலால அந்தச் செத்த பல்லுக்கு அடியில முரசுச் சதையைக் குத்திக்கொண்டிருக்கிறாள். இரத்தம் நாடியால வழியுது. குத்துறது, நிறுத்துறது, காது குடுத்துக் கேக்கிற மாதிரி இருக்கிறது, திருப்பிக் குத்துறது. பறிச்சால் கத்துறாள். "அவளைக் கூப்பிடுறன், விடுங்கோ" எண்டு கத்துறாள்.

றெபேக்கா சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. கெதியாய்.

உங்கட,
அஞ்சலீனா


சான் மத்தேயோ மிஷன்
9 டிசம்பர் 2004

அன்பான அஞ்சலீனா,

என் பாக்ஸுக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

றெபேக்கா இப்போது எங்கள் மிஷனில் இருக்கிறாள். மாமி மறுக்கவில்லை. காயம் ஆறிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள், கோழிகளைத் துரத்துகிறாள். போன வாரம் வரை எல்லாம் நல்லபடியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில், பல் பிடுங்கின இடத்தைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பார்த்தேன். ஆறி மூடின முரசில் புதிதாய் ஊசி குத்தினது போல ஒரு புள்ளி, அதிலிருந்து இரத்தம். துடைத்தேன். என் கண்ணுக்கு முன்னால் பக்கத்தில் இன்னொரு புள்ளி வந்தது. யாரும் தொடவில்லை. அவளுடைய இரண்டு கையையும் நான்தான் பிடித்திருந்தேன். துடைத்த துணியில் இரத்தத்தோடு கறுப்பாக ஏதோ பட்டிருந்தது. விரலால் தேய்த்தேன், பென்சில் கரி போல மினுங்கியது.

அவள் அழுகையை நிறுத்தி, "வந்தாள், வந்தாள்" என்று சிரிக்கிறாள். நோகிறதா என்றால் நோகிறது என்கிறாள். மருந்து வைக்கப் போனால் என் கையைத் தட்டிவிடுகிறாள்.

அங்கே என்ன நடக்கிறது? அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? எதுவாக இருந்தாலும் வாங்கி வை. வேறு வழியில் இவர்களைச் சேர்த்து வைப்போம். ஜனவரியில் நகரத்துக்கு இறங்குகிறேன், தொலைபேசி நிலையத்துக்கு இவளைக் கூட்டி வருகிறேன். நேரத்தை நீ சொல்.

அக்னெஸ்


மொன்றியல்
16 ஜனவரி 2005

அன்புள்ள அக்கா,

உங்கட கடிதமும் என்ரதும் வழியில ஒண்டையொண்டு தாண்டிப் போயிருக்கு. உங்கடதை வாசிச்சுப்போட்டு நான் மேசையில இருந்த பென்சிலுகளை எல்லாம் லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டினன்.

போனில உங்கட பக்கம் என்ன நடந்ததெண்டு தெரியேல்லை. என்ர பக்கத்தைச் சொல்லுறன். மத்தில்தேயின்ர குசினியில நிண்டனாங்கள். தாய் முதல் கதைச்சு, அழுது, மன்னிப்புக் கேட்டு, பேந்து நோயெமியின்ர காதில வைச்சா. நோயெமி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நான் "கதை, கதை" எண்டு தட்டுறன். அவள் கையால என்னை விலத்திப்போட்டு, போனைக் காதில இருந்து எடுத்து வாய்க்குள்ள, அந்தப் பல்லோட சேத்து வைச்சுக் கடிச்சாள். கண்ணை மூடிக்கொண்டு நிண்டாள். லைன் அறுமட்டும் அப்பிடியே நிண்டாள்.

அதுக்குப் பிறகு சாப்பிடுறாள். முரசைக் குத்துறதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் அவளைக் கூட்டிவர ஏலுமெண்டால், நான் இங்க நிப்பன்.

வினாக்கொத்து முடியிற கட்டம். மூண்டு மாதத்துக்கு நீங்கள் சொன்ன மாதிரி ஒரு பிடி வைச்சிட்டம், "பள்ளிக்கூடம் துவங்கின நாளில இருந்து" எண்டு. பிள்ளையள் தடக்குப்படாமல் சொல்லுதுகள். உங்கட 'முவேலா'வும் இருக்கு. நோயெமியின்ர விடையளைக் கணக்கில சேக்கேல்லை. அவள் சொன்னது முழுக்கச் சரி எண்டு இந்த ஊரில தெரிஞ்ச ஒரே ஆள் நான், வாயை மூடிக்கொண்டு அந்தப் பேப்பரை எடுத்து வெளியில வைச்சன்.

அஞ்சலீனா


மொன்றியல்
24 ஜூன் 2007

அன்புள்ள அக்கா,

நீங்கள் விமானத்தில ஏத்திவிட்ட பிள்ளை வந்து சேந்திட்டுது. உங்கட விசாவும் சரிவந்தால் ஆவணியில அம்மாவிட்ட ஒண்டாய்ப் போவம். நான் இன்னும் கல்லில பேர் வெட்டுவிக்கேல்லை. மகள்மார் ரெண்டு பேரின்ரயும் சேத்து வெட்டத்தான்.

விமான நிலையத்தில மத்தில்தே றெபேக்காவைக் கட்டிப் பிடிச்சுக் கதறினா. லோயர், விசாரணை, கடுதாசி எண்டு இந்த ரெண்டரை வருஷத்தில அந்த மனுசி பாதியாய்ப் போனா. நோயெமி ஓடேல்லை. மெல்ல நடந்து கிட்டப் போனாள். றெபேக்கா வாயைத் திறந்தாள். நோயெமி விரலை உள்ள விட்டு, பல் இல்லாத இடத்தைத் தடவிப் பாத்தாள். பேந்து தன்ர வாயைத் திறந்து காட்டினாள். மற்றவள் விரலை விட்டுப் பாத்தாள். பக்கத்தில நிண்ட சனம் எல்லாம் பாத்தது.

அதுக்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல வீட்டில சத்தம் இல்லை. மத்தில்தே எனக்கு அடிச்சு அடிச்சுச் சொல்லுவா, "ரெண்டும் ஒரே நேரம் எழும்புது, ஒரே நேரம் தண்ணி குடிக்குது, ஒண்டு தும்மினால் மற்றது மூக்கைத் துடைக்குது. கதைக்குதுகள் இல்லை. எனக்குப் பயமாய் இருக்கு." நானும் போய்ப் பாத்தன். ரெண்டு பேரையும் முன்னால இருத்திச் சாப்பாடு போட்டால், ஒருத்தி மெல்லேக்க மற்றவள் விழுங்குறாள்.

இண்டைக்கு இந்த மாகாணத்துப் பெருநாள், லீவு. வெளியில நீலக் கொடியளோட சனம் போகுது. மத்தில்தே போனில கத்தினா: "ஓடி வாரும், சண்டை பிடிக்கினம்!" அழுறாவோ சிரிக்கிறாவோ தெரியேல்லை. பஸ் இல்லை, நடந்து ஓடினன்.

கட்டிலில ஜன்னல் பக்கம் ஆருக்கு எண்டதுதான் பிரச்சினையாம். றெபேக்கா மலைப் பாஷையில ஏசியிருக்கிறாள். நோயெமிக்கு அது விளங்கேல்லை, பிரெஞ்சில ஏசியிருக்கிறாள். அது அவளுக்கு விளங்கேல்லை. உடன றெபேக்கா அவளின்ர கையைப் பிடிச்சுக் கடிச்சிட்டாள். நான் உள்ளிடேக்க நோயெமி கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு குளறுறாள்: "என்னைக் கடிச்சவள்! எனக்கு நோகுது!" தெளிவாய் விழுந்த பல் அடையாளம், வட்டமாய், இடப்பக்கம் ஒரு இடைவெளியோட.

றெபேக்கா கதவடியில நிண்டாள். தன்ர கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறாள், தேய்க்கிறாள், சட்டையை மேல இழுத்துத் தேடுறாள். அவளின்ர கையில ஒண்டும் இல்லை.

"எனக்கு நோகேல்லை" எண்டாள். அந்தக் கொட்டகையில அழாத பிள்ளை எண்டு எழுதினியளே, அவள் அப்ப அழுதாள்.

நோயெமி குளறினதை நிப்பாட்டினாள். கிட்டப் போய்க் கையை நீட்டினாள். றெபேக்கா அந்த அடையாளத்தில விரலை வைச்சு அமத்தினாள். நோயெமிக்கு நொந்து முகம் கோணுது, ஆனால் அவள் பாத்துக்கொண்டு நிண்டது மற்றவளின்ர முகத்தை.

"இப்ப உனக்கு நோகுதோ?" எண்டு நோயெமி ஸ்பானிசில கேட்டாள்.

"இல்லை."

றெபேக்கா இன்னும் இறுக்கி அமத்தினாள்.

"இப்ப?"

"இல்லை."

மத்தில்தே கண்ணைத் துடைச்சுக்கொண்டு குசினிக்குள்ள போய் சோள ரொட்டி தட்டத் துவங்கினா. ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு பிளேட் வைச்சா. எனக்கு அங்க இனி வேலை இல்லை எண்டு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். கடைசிப் படி இறங்குமட்டும் மேல கேட்டுக்கொண்டே இருந்தது அக்கா.

"இப்ப?"

"இல்லை."

உங்கட தங்கச்சி,
அஞ்சலீனா